பின்சீட்டுத் தூக்கம்

மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் மற்ற வீடுகளில் கட்டிலைத் தேடுவார்கள். அந்த வீட்டில் வண்டிச் சாவியைத் தேடுவார்கள். மோட்டார்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்து வண்டியைத் திருப்பி நிறுத்துவார். அவர் மனைவி ஃபிளாஸ்க்கில் டீயை ஊற்றி, மூடியை மறுபடி மறுபடி முறுக்கிப் பார்த்துவிட்டு முன்சீட்டில் ஏறி உட்காருவார். மகள் தலையணையும் போர்வையுமாகப் பின்சீட்டில் ஏறிக் காலை மடக்கிப் படுப்பாள். அந்தப் பெரிய வண்டி ஊர்வலம் போவதுபோல் மெதுவாகத் தெருவை விட்டு இறங்கும். எதிர்வீட்டு ஆட்களுக்கு ஆரம்பத்தில் இது வேடிக்கையாக இருந்தது. காரணம் தெரிந்தபிறகு யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

காரணம் இதுதான். அவர்கள் மகளுக்கு வீட்டில் தூக்கம் வருவதில்லை. ஓடுகிற வண்டியின் பின்சீட்டில் மட்டும்தான் வரும்.

குளிர்காலம் முடிகிற சமயத்தில் அவள் கணவன் ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில்தான் படுத்திருந்தாள். காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்து எழுப்பியபோதுதான் தெரிந்தது. இதயம் சத்தமில்லாமல் நின்றுவிட்டது, அவருக்கே தெரிந்திருக்காது என்று டாக்டர் ஆறுதலாகச் சொன்னார். அதைக் கேட்டு மகள், "நான் தூங்கிட்டு இருந்தேன். பக்கத்துலயே இருந்தும் தூங்கிட்டு இருந்தேன்" என்று மட்டும் சொன்னாள். அதற்குப்பிறகு அதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. பெற்றவர்கள் போய் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை அவளை அசத்திப் போட்டதே தவிர தூங்க வைக்கவில்லை. கண் திறந்தபடி, கூரையைப் பார்த்தபடி கிடப்பாள். வாரக் கணக்கில் இப்படிப் போனதில் பெண் பாதியாகிவிட்டாள்.

ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஏரிக்கரைச் சாலை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மரம் அறுக்கும் மில்லுக்கு முன்னால் திரும்பினால் கிட்டமா, தாண்டித் திரும்பினால் கிட்டமா என்று முன்சீட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஏதோ கேட்பதற்காகத் திரும்பிய அம்மா பேச்சைப் பாதியில் விழுங்கினார். மகள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் தூங்குவதுபோல் ஒரு கை தலைக்கு மேலே கிடந்தது. அன்றைக்கு இருட்டும்வரை ஏரியைச் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். டீசல் முள் கீழே இறங்கிய பிறகுதான் வீட்டு நினைப்பே வந்தது.

மோட்டார்காரர் தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பவர். ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற மோட்டார்மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். பேரிங் போயிருக்கிறதா, ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா என்று கழற்றாமலே சொல்லிவிடுவார். உலகத்தில் எல்லாக் கோளாறுக்கும் ஒரு சத்தம் உண்டு என்பது அவர் கட்சி. ஆகவே மகளின் தூக்கத்துக்கும் அவர் அன்றைக்கே ஒரு சத்தத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

"டயர்தான்" என்றார். "டயர் தேஞ்சு போயிருக்கில்ல, அதான் ஒரே சுருதில ம்ம்ம்னு ரீங்காரம் பண்ணுது. அந்தச் சத்தத்துலதான் பொண்ணு கண்ணு சொக்குது."

"இருக்கும், இருக்கும்" என்றார் மனைவி. "எனக்கென்னவோ சீட்டு மெத்துனு இருக்கிறதாலன்னு தோணுது."

மனைவி பழைய உடுப்புகளைப் பிரித்துத் தைத்துக் கொடுப்பவர். உடம்பு பருத்தவர்களுக்கு இடுப்பைத் தளர்த்துவது, வளர்ந்த பிள்ளைகளுக்கு மடிப்பைப் பிரித்துவிடுவது, இதுதான் அவர் தொழில். புருஷன் நாள் முழுக்க நட்டை இறுக்குகிற ஆள், பெண்டாட்டி நாள் முழுக்கத் தையலைத் தளர்த்துகிற ஆள். இந்த இரண்டு பேரும் ஒரே வீட்டில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கிறார்கள் என்றால், அந்த வீட்டில் பேச்சுக்கு எப்படிப் பஞ்சம் வரும்?

அதற்குப்பிறகு தினமும் ஏரிக்கரைதான். ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் வரிசையாக உயரமான மரங்கள். மரங்களின் நிழல் கண்ணாடிமேல் விழுந்து விழுந்து நழுவும். மத்தியான வெயிலில் தண்ணீரும் வானமும் ஒரே வெள்ளையாகிக் கரை எது, மேகம் எது என்று தெரியாது. வண்டி சாலையில்தான் போகிறதா என்றே சமயத்தில் சந்தேகம் வரும். முன்சீட்டில் இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் எதையாவது பேசிக்கொண்டே வருவார்கள். வாடிக்கைக்காரி ஒருத்தி இளைப்பேன் என்று சத்தியம் செய்து உடுப்பைச் சிறிதாக்கச் சொன்ன கதை, இளைக்காமல் திரும்பி வந்த கதை. சலவைக்கடைக்காரர் மோட்டாருக்கு எண்ணெய் விடாமல் தலைக்கு மட்டும் விடுகிற கதை. கீழே டயர் ம்ம்ம் என்று ஓடும். பின்சீட்டில் பெண் தூங்குவாள். அந்த நேரத்துக்காகத்தான் மோட்டார்காரர் மற்ற நேரமெல்லாம் உயிரோடு இருந்தார் என்று சொன்னாலும் தப்பில்லை.

மழைக்காலம் வந்தது. மில் வளைவில் தேங்கியிருந்த தண்ணீரில் ஏறியபோது, ஒரு மூச்சு நேரத்துக்கு ஸ்டியரிங் கையில் வெறும் வளையமாக நின்றது. திருப்பினால் வண்டி திரும்பவில்லை. அது தன் இஷ்டத்துக்கு ஏரிப் பக்கம் வழுக்கிப் போய், கரையோரப் புல்லைத் தொட்டபிறகு சாலை நினைவு வந்ததுபோல் திரும்பி வந்தது. மகள் விழிக்கவில்லை. மனைவி மடியில் இருந்த ஃபிளாஸ்க்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கே டயரை மாத்துங்க" என்றார்.

"மாத்தினா சத்தம் போயிடும்."

"சத்தம் போனா போகட்டும். நாம போயிடக் கூடாதில்ல?"

டயர் கடைக்காரரை ஊரில் ஹாரன் என்றுதான் சொல்வார்கள். அவர் தன் கடைக்குள் பேசினால் அடுத்த தெருவில் வழிவிட்டு ஒதுங்குவார்கள். கடை வாசலில் காற்று மெஷின் இரைந்துகொண்டிருக்கும். உள்ளே புது ரப்பர் வாசனை, சுவரோடு கூரை வரைக்கும் அடுக்கிய டயர்கள், பஞ்சர் பார்க்க ஒரு பழைய குளியல் தொட்டி நிறையக் கறுத்த தண்ணீர்.

"வாங்க மெக்கானிக்கு! வாங்கக்கா! என்ன, உங்க டயரு என் தலையோட போட்டி போடுதா?" என்று வழுக்கையைத் தடவிக்கொண்டே குனிந்தார் ஹாரன். "இங்க பாருங்க. பட்டன் நடுவுல குழி இருக்கில்ல, குழிக்குள்ள ஒரு சின்ன மேடு தெரியுதா? பட்டன் தேஞ்சு இந்த மேட்டோட சமமாயிடுச்சுன்னா டயரு தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம். உங்களுது தீர்ந்துபோயி கருமாதியும் முடிஞ்சுபோச்சு. மழைத் தண்ணி வெளிய போக வழியே இல்ல. நீங்க வண்டி ஓட்டல மெக்கானிக்கு, படகு விட்டுட்டு இருக்கீங்க."

கருமாதி என்ற வார்த்தை வாயிலிருந்து விழுந்தபிறகுதான் ஹாரனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். மோட்டார்காரர் காதில் வாங்காதவர்போல் டயர் அடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல எது நல்லா சத்தம் போடும்?" என்று கேட்டார்.

"எது?"

"சத்தம். ஓடும்போது ரீங்காரம் வரணும்."

ஹாரன் அக்காவைப் பார்த்தார். அக்கா கூரையைப் பார்த்தார். "என் ஆயுசுல இப்படி ஒரு கிராக்கி வந்ததில்ல. எல்லாரும் சத்தமே வரக் கூடாதுன்னு என் உயிரை எடுப்பாங்க. சத்தம்தான் வேணும்னா, அந்தா பாருங்க, பெரிய பெரிய பட்டன் வெச்சது. சேறு, சகதி, கல்லு, காடுன்னு போறவங்களுக்கு. நல்ல ரோட்டுல போனா தேன்கூட்டைக் கலைச்ச மாதிரி இரையும்."

மோட்டார்காரர் முகம் மலர்ந்துவிட்டது. கிட்டே போய் அதை விரலால் தட்டிப் பார்த்தார். காதை வைத்துக்கூடக் கேட்டார்.

"ஆனா உங்களுக்கு அது வேண்டாம்" என்றார் ஹாரன். "நீங்க போறது ஏரிக்கரைத் தார் ரோடு. மழையில அது பிடிக்கிற பிரேக்குக்கும் இந்த ரோட்டு டயரு பிடிக்கிற பிரேக்குக்கும் வித்தியாசம் இருக்கு. இது நின்ன பிறகும் அது கொஞ்ச தூரம் போயிட்டுத்தான் நிக்கும். ரோட்டு டயரைப் போடுங்க. தண்ணியைக் கிழிச்சுக்கிட்டுப் போகும். சத்தமும் இருக்காது."

மனைவி ஏற்கெனவே ரோட்டு டயரின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டிருந்தார், துணிக்கடையில் துணியை அமுக்குவதுபோல். "இது எப்பச் செஞ்சது தம்பி? எலாஸ்டிக்கு கடையில சும்மா இருந்தே இத்துப்போகும். இதுவும் அந்தச் சாதிதானே?"

"கேட்டாங்க பாருங்க கேள்வி! இந்த நாலு நம்பரு இருக்கில்லக்கா, முதல் ரெண்டும் வாரம், அடுத்த ரெண்டும் வருஷம். புதுசுதான். உங்க கண்ணால பார்த்துக்குங்க."

மனைவி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்துத் திருப்திப்பட்டார். நான்கு டயர்களும் ஏறின. ஹாரன் காற்றுக் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு டிரைவர் கதவைத் திறந்தார். கதவு மூடுகிற இடத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"எல்லாரும் டயர் பக்கவாட்டுல இருக்கிற பெரிய நம்பரைப் பார்த்துட்டு அவ்வளவு காத்து வைங்கம்பாங்க. அது டயரு தாங்குற உச்சம். வண்டிக்கு எவ்வளவுன்னு இங்கதான் போட்டிருக்கு. ஏழு பேரும் சாமானும்னா பின்னாடி முப்பத்தெட்டு. ஆளு கம்மின்னா நாலுலயும் முப்பத்திமூணு. காலையில டயரு ஆறிக் கிடக்கிறப்போ பார்க்கணும், ஓட்டிட்டு வந்து பார்க்கக் கூடாது. எத்தனை பேரு போவீங்க?"

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது வாங்கிய வண்டி அது. மாப்பிள்ளை, பேரப்பிள்ளைகள், சம்பந்தி வீடு என்று கூட்டிப் பார்த்து ஏழு சீட்டு வண்டியாகத் தேடி வாங்கினார். மூன்றாவது வரிசையில் ஒரு தடவைகூட யாரும் உட்கார்ந்ததில்லை. சீட்டின் பிளாஸ்டிக் உறைகூட அப்படியே இருந்தது.

"மூணு பேர்தான்" என்றார் மோட்டார்காரர்.

அன்று மத்தியானம் புது டயரில் கிளம்பினார்கள். வண்டி தண்ணீரில் இலை போவதுபோல் போயிற்று. சத்தமே இல்லை. மோட்டார்காரர் பேச்சை நிறுத்தி, காதைத் தீட்டிக்கொண்டு, எங்கேயாவது கொஞ்சம் ரீங்காரம் மிச்சமிருக்கிறதா என்று தேடினார். மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ஷ்ஷ்" என்று கையைக் காட்டினார். மனைவியும் காதைத் தீட்டினார். மில் போயிற்று, படகுத்துறை போயிற்று. கண்ணாடியில் பார்த்தபோது மகள் இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு மேலே பார்த்துக் கிடந்தாள்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். இப்போது முன்சீட்டில் இரண்டு பேரும் மூச்சுவிடுவதைக்கூட அளந்து விட்டார்கள். ஃபிளாஸ்க்கைத் திறந்தால் சத்தம் வரும் என்று டீ அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்தது. மோட்டார்காரர் குழி எதிலும் சக்கரம் விழாமல் கண்ணாடிப் பாத்திரம் ஏற்றியவர்போல் ஓட்டினார். மழைத்தூறல் கண்ணாடியில் புள்ளி வைக்கும், வைப்பர் அதை வழிக்கும். ஏரி பாலாகக் கிடந்தது. அந்த நிசப்தத்தில் மூன்று பேரும் விழித்துக்கொண்டு ஏரியைச் சுற்றினார்கள்.

பெண் மறுபடி நடைபிணமானாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள், பால் பொங்கி வழிந்து தீய்ந்து அடுப்பு அணைந்தது. அவளுக்குத் தெரியவில்லை. சூடான பாத்திரத்தை வெறுங்கையால் தூக்கிவிட்டு, கை சிவந்ததை யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தாள். ஒரு நாள் காலை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தவளிடம் என்னம்மா என்று கேட்டதற்கு, ஏறுவதற்காக வந்தேனா இறங்குவதற்காக வந்தேனா என்று தெரியவில்லை என்றாள். மோட்டார்காரர் பட்டறைக்கு வந்து, கழற்றிப் போட்ட மோட்டார்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதார். உலகத்து மோட்டாருக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவருக்குச் சொந்தப் பெண்ணின் கண்ணை மூட வைக்க வழி தெரியவில்லை.

அழுது முடித்ததும் ஒரு யோசனை வந்தது. மேளத்தை இறுக்கினால் சத்தம் ஏறும். டயரையும் இறுக்கினால்? பட்டறைக் காற்று மெஷினில் நான்கு டயருக்கும் நாற்பது வைத்தார். மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் குதிப்பார். அன்று மத்தியானம் வண்டி கொஞ்சம் அதிர்ந்தது, கொஞ்சம் குதித்தது, லேசாக ஏதோ இரைந்த மாதிரியும் இருந்தது. பெண் தூங்கவில்லை. மனைவி மட்டும் ஒவ்வொரு குழிக்கும் பின்னால் திரும்பி மகளின் தலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை பார்த்தால் பின்பக்க இடது டயரில் காற்று இறங்கியிருந்தது. மற்ற மூன்றும் வைத்தது வைத்தபடி இருந்தன. ஏற்றினார். அதற்கு மறுநாளும் அதே டயர் இறங்கியிருந்தது. ஹாரன் சக்கரத்தைக் கழற்றித் தொட்டித் தண்ணீரில் முக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வால்வில் எச்சில் வைத்துப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை.

"டயரு சுத்தமா இருக்கு. காத்து எங்க போகுதுன்னு காத்தைத்தான் கேக்கணும். அது கிடக்கட்டும், எதுக்கு மெக்கானிக்கு நாற்பது? நடுப்பட்டன் மட்டும் தரையில படும். மழையில பிடிப்பே இருக்காது. புது டயர் வாங்கிட்டு மறுபடி படகு விடவா?"

மோட்டார்காரர் தொட்டித் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அந்தப் பழைய டயர் நாலும் இருக்கா?" என்றார்.

"எதுக்கு?"

"திருப்பி மாட்டிடு."

ஹாரன் முதல்முறையாகத் தணிந்த குரலில் பேசினார். "அது வழுக்கும்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும். மெதுவாப் போறேன். மழை விட்ட நேரமாப் பார்த்துப் போறேன். அவ தூங்கணும், தம்பி. தூங்காமலே ஒரு உசுரு எத்தனை நாள் இருக்கும்?"

"பழசு அன்னைக்கே அறுத்துப் போட்டாச்சு. இருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன்" என்றார் ஹாரன். சக்கரத்தை மாட்டினார். சொன்னபடி முப்பத்து மூன்று வைக்கட்டுமா என்று கேட்டார். நாற்பதே இருக்கட்டும் என்று மோட்டார்காரர் பிடிவாதமாகச் சொன்னார். நாளைக்கு வந்து அந்தத் தேன்கூட்டு டயரையே மாட்டிக்கொள்வது என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டார். பிரேக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் பிடிக்கட்டும், போகிறது.

அன்றைக்கு வானம் மத்தியானத்திலேயே அந்தி மாதிரி இருந்தது. கிளம்பும் நேரத்தில் சலவைக்கடைக்காரர் வந்து மோட்டார் புகைகிறது என்று பிடித்துக்கொண்டதில் கொஞ்சம் தாமதம். திரும்பி வந்து வண்டியை எடுத்தபோது ஏரிமேல் பஞ்சுப் பஞ்சாக மூடுபனி எழும்பி, எதிர்க்கரையே இல்லாமல் போயிருந்தது. மரங்கள் ஒவ்வொன்றாக வெண்மையிலிருந்து வந்து வெண்மைக்குள் போயின. யாரும் பேசவில்லை. மில் வளைவில் திரும்பும்போது வண்டியின் பின்புறம் ஒரு பக்கமாகச் சரிந்து ஆடியது. பிரேக்கைத் தொட்டார். வண்டி இடது பக்கம் இழுத்தது. வியர்த்துவிட்டது. மெல்ல ஓட்டி, மில்லின் தகரக் கொட்டகை ஓரத்தில் நிறுத்தினார்.

காற்று அளக்கிற கேஜை எடுத்துக்கொண்டு இறங்கினார். முன்னால் இரண்டும் நாற்பதுக்கு மேலே. பின்பக்க வலதும் அப்படியே. பின்பக்க இடது இருபத்து நான்கு. மகள் தலை வைத்துப் படுக்கிற பக்கத்துச் சக்கரம். நிமிர்ந்தபோது மனைவி இறங்கி வந்து, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். தையல் தப்பிவிட்டால் வாடிக்கைக்காரிமுன் அப்படித்தான் நிற்பார்.

"நீயா?"

"கொஞ்சமாத்தான் விட்டேன்."

"எதால?"

"ஊசியாலதான். வால்வுல இருக்கிற நடுக்குச்சியை அமுக்கினா புஸ்ஸுன்னு வருது. தலைமாட்டுல மட்டும் மெத்துனு இருந்தா போதும்னு."

"அடிப்பாவி! மூணு சக்கரம் ஒரு தினுசு, ஒரு சக்கரம் ஒரு தினுசு! வண்டி கவுந்திருந்தா?"

"நீங்க மட்டும் என்ன? கல்லு மாதிரி அடிச்சு வெச்சிருக்கீங்க. பிள்ளை தலை ஒவ்வொரு குழிக்கும் பந்து மாதிரி எகிறுது. நான் கேட்டேனா, எதுக்கு இப்படி வெச்சிருக்கீங்கன்னு? பொறுத்துக்கிட்டுத்தானே போனேன்?"

"பொறுத்துக்கிட்டா போன? ஊசி எடுத்துக்கிட்டுப் போன!"

"பின்ன? உங்ககிட்ட வாயால சொல்லி எது நடந்திருக்கு? ஜன்னல் கொக்கியைக்கூடத் திறக்க முடியாத அளவுக்கு இறுக்கி வெச்சிருக்கிற ஆளு!"

மோட்டார்காரர் பின்பக்கத்திலிருந்து சின்னக் காற்று மெஷினை எடுத்து, வண்டி பேட்டரியில் மாட்டி, திட்டிக்கொண்டே காற்றை ஏற்றினார். மனைவி பக்கத்திலேயே குனிந்து கேஜைப் பிடித்துக்கொண்டு பதில் கொடுத்தார். மற்ற மூன்றிலும் காற்றை இறக்கினார்கள். வால்வு சீறியதைவிட இவர்கள் சீறியது அதிகம்.

"முப்பத்திமூணுல நிறுத்துங்க, ஸ்டிக்கர்ல அப்படித்தான் போட்டிருக்கு."

"ஓடி வந்த டயரு சூடா இருக்கு. இப்ப முப்பத்தஞ்சு காட்டினாத்தான் ஆறினப்புறம் முப்பத்திமூணுல நிக்கும். இது தெரியாம கேஜைப் பிடிக்க வந்துட்டா."

"தெரிஞ்சவருதான் நாற்பது வெச்சாரு!"

மோட்டார்காரர் மெஷினைத் தூக்கிப் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்து கதவை அறைந்தார். மனைவியும் அறைந்தார். வண்டி கிளம்பியது. கொஞ்ச தூரம்வரை ஜன்னல் கொக்கி, குழாய் மூடி, ஊறுகாய் பாட்டில் மூடி என்று அவர் இறுக்கிய அத்தனையும் பேச்சில் வரிசையாக வந்தன. திடீரென்று மனைவிக்கு நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ, மெதுவா! பின்னாடி பிள்ளை இருக்கா."

இருவரும் கப்சிப்பென்று அடங்கினார்கள். புது டயரில் வண்டி சத்தமில்லாமல் போயிற்று. வெண்மைக்குள்ளிருந்து ஒரு மரம் வந்து, போயிற்று.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்று பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

"இல்லடா கண்ணு, பேசல. நீ தூங்கு" என்றார் அம்மா.

"பேசுங்க." போர்வைக்குள்ளிருந்து வந்த அந்தக் குரல் நடுங்கியது. "நீங்க ரெண்டு பேரும் இப்பல்லாம் பேசறதே இல்ல. கண்ணை மூடினா ஒரு சத்தமும் இல்ல. அன்னைக்கும் இப்படித்தான் ஒரு சத்தமும் இல்லாம இருந்துச்சு. உடனே எழுந்து உக்காந்து பார்க்கணும்னு தோணுது, ரெண்டு பேரும் இருக்கீங்களான்னு. முன்னாடி பேசிக்கிட்டே இருந்தீங்க. எனக்குப் பார்க்கவே வேண்டியதில்ல."

மோட்டார்காரருக்குக் கண் மறைத்தது. வைப்பரைப் போட்டார். மழை இல்லை, கண்ணாடி நன்றாகத்தான் இருந்தது. இத்தனை நாளும் அவர் ரப்பரைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டிருக்கிறார். பெண் கேட்டுக்கொண்டிருந்தது அவரை. அந்தச் சத்தத்தை அவரேதான் ஷ்ஷ் என்று கையைக் காட்டி நிறுத்தியிருக்கிறார். இப்போது பேச வேண்டும், உடனே பேச வேண்டும். ஒரு வார்த்தைகூட வரவில்லை.  இவ்வளவு நேரம் கொதித்த கோபத்தில் ஒரு பொட்டு மிச்சமில்லை.

மனைவிதான் கைகொடுத்தார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமலே குரலை மட்டும் சண்டைக்கு உயர்த்திக்கொண்டு, "என்ன இருந்தாலும் நாற்பது வெச்சது தப்புதான்" என்றார்.

"தப்புதான். ஆனா ஊசி வெச்சது?"

"ஊசி வெச்சது அதைவிடச் சின்னத் தப்பு."

"தப்புல என்னடி சின்னது பெரிசு? துணியா, அளவெடுத்துப் பார்க்க?"

அப்படியே பற்றிக்கொண்டது. படகுத்துறை வந்தது. மில் வளைவு கிட்டமா தூரமா என்ற பழைய வழக்கை மறுபடி எடுத்து இரண்டு பக்கமும் வாதாடினார்கள். ஃபிளாஸ்க்கில் சர்க்கரை கூடுதல் என்று அவர் குற்றம் சாட்டினார். ஆறிய டீயில் அப்படித்தான் தெரியும் என்று அவர் மனைவி டீயை நீட்டிக்கொண்டே எதிர்த்தார். குரல் ஏறி இறங்கியது. கண்ணாடியில் ஒரு கை தலைக்கு மேலே போவது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கையின் விரல்கள் தளர்ந்து விரிந்தன. மகள் தூங்கிவிட்டாள்.

அதற்காக நிறுத்த முடியுமா? வீட்டுத் தெரு வந்தபோது அவர் திரும்பாமல் நேரே விட்டார்.  ஏரிக்கு ஒரு பக்கம் விளக்குகள் ஏற ஆரம்பித்திருந்தன. பேசிப் பேசி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. இந்த மாதத்துச் சண்டை, இந்த வருஷத்துச் சண்டை எல்லாம் தீர்ந்துபோய்விட்டன.

"அடுத்து என்ன?" என்று கிசுகிசுத்தார், பயந்துபோய்.

மனைவி ஒரு கணம் யோசித்தார். பிறகு சாய்ந்து உட்கார்ந்து, "உங்க தங்கச்சி கல்யாணத்துல எங்க அண்ணனை யாரும் வாங்கன்னு கூப்பிடல" என்றார்.

முப்பது வருஷமாக அந்த வீட்டில் யாரும் தொடாமல் வைத்திருந்த சண்டை அது. அது நடந்த புதிதில் ஒரு தடவை தொட்டபோது இரண்டு வாரம் பேச்சு நின்றுபோயிற்று. மோட்டார்காரர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டார். மனைவி நீட்டிய டீயை ஒரு வாய் குடித்துத் தொண்டையை நனைத்துக்கொண்டார். பிறகு, வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் கண்டிராதவர்போல, "யாரு கூப்பிடல? நான் வாசல்லயே நின்னுட்டு இருந்தேன்" என்று உரக்க ஆரம்பித்தார்.